சைக்கிளைச் சுமக்க ஒரு கோடி ரூபா வாகனமா?

கடந்த மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பாராளுமன்ற விவாதம் நடந்தது. விவாதப் பொருள், குடும்பத்துக்கு எந்த வாகனத்தை வாங்குவது என்பது. பிரேரணையைக் கொண்டுவந்தவர்கள் மகளும் மகனும். எதிர்க்கட்சி வரிசையில் தனியனாக நான். மனைவி சபாநாயகர் ஆசனத்தில் இருந்தார். ஆனால் இந்நாட்டுச் சபாநாயகர்கள் பலரைப் போலவே அவரும் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

பிள்ளைகள் இருவரிடமும் மலைச் சைக்கிள்கள் இருக்கின்றன. தடித்த ரயர், முன்னால் அதிர்வைத் தாங்கும் முள், இருபுறமும் தட்டுப் பிரேக். சீனி வியாதிக்காரனான என்னை வியர்க்க வைப்பதற்காக அவர்கள் எனக்கும் ஒன்று வாங்கித் தந்தார்கள். போயா விடுமுறையில் அப்புத்தளைக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுபோய்த் தோட்டப் பாதைகளில் ஓட வேண்டும் என்பது அவர்களது ஆசை. ஆசையில் குற்றமில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குள் அடைபட்டு, கைத்தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிராமல் மலையேறப் போகிறோம் என்று கேட்கும் பிள்ளைகளைப் பெற்றவன் கொடுத்து வைத்தவன்.

"அப்பா, மூண்டு சைக்கிளும் நாங்கள் நாலு பேரும் ஒரு காருக்குள்ள அடங்கிறதெண்டால் மந்திரம் தெரிஞ்சிருக்கவேணும். டபுள் கப் தான் சரி" என்றான் மகன்.

இந்த முடிவு அவனுடையதல்ல என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்திய சனிக்கிழமை ஒரு வாகன விற்பனை நிலையத்துக்குப் போயிருந்தோம். பெயர் எதற்கு? ஒன்றைப் போலவே மற்றதும். "ஐயா, சைக்கிள் ஏத்துற குடும்பமெண்டால் இதுக்குக் குறைஞ்சு வேற ஒண்டும் சரிவராது" என்று விற்பனையாளர் ஒரு இராட்சத வாகனத்தின் கதவைத் தட்டிக் காட்டினார். விலை ஒரு கோடியைத் தாண்டி எங்கேயோ நின்றது. மிச்சத்தை லீசிங்கில் போடலாம் என்றார். முற்பணம் எங்கிருந்து வரும் என்பதை அவர் கேட்கவில்லை. அது என் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வரவேண்டும். முப்பது ஆண்டுகள் செய்தி எழுதிச் சேர்த்த பணம் அது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில் அரசாங்கம் கைவைத்தபின்னும் எஞ்சியிருக்கும் பணம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பத்திரிகைக்காரனுக்கு அதைவிட வேறு வேலி இல்லை. எனவே இக்கட்டுரையைப் பொழுதுபோக்குக்காக எழுதுகிறேன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம்.

நான் வளர்ந்த காலத்தில் சைக்கிளே குடும்ப வாகனமாக இருந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது நின்றது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் புகைகக்கி ஓடின. அதற்கும் வழியற்ற பெரும்பாலானோர் துவிச்சக்கரவண்டியை நம்பினார்கள். நெல் மூட்டை, விறகுக்கட்டு, ஆட்டுக்குட்டி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லாமே கரியரில்தான் போயின. மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துத்தான் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். கோடு போட்ட கொப்பித்தாளில் பத்திரிகை அச்சான அந்நாட்களில் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாகவும் பகுதிநேரச் செய்தியாளனாகவும் இருந்த நான், ஒரு பழைய றலி சைக்கிளில்தான் செய்தி சேகரித்தேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் தென்மராட்சியை நோக்கி எழுந்து நடந்தபோது அதே சைக்கிளில் ஏறி ஓட இடமிருக்கவில்லை. உருட்டினேன். கரியரில் அம்மம்மா, ஹாண்டிலின் இரு பக்கமும் பொட்டலங்கள், பின்னால் கரியரைப் பிடித்தபடி அம்மா. நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்குள் விடிந்துவிட்டது. ஒரு குடும்பத்தையும் அதன் சொத்தையும் சுமந்த அந்த இரும்புக்கு அன்றைய பெறுமதி சில ஆயிரம் ரூபா.

'பழங்கதை பேசுகிறார்' என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். சரி, பழங்கதையை விடுவோம். 2022 ஐ அவர்களும் கண்டார்கள். பெற்றோல் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. யூன் இறுதியில் ஒரு லீற்றர் 470 ரூபா. பின்னர் வாராந்தப் பங்கீடு, கியூ.ஆர். அட்டை. டபுள் கப் வைத்திருந்தவர்களும் சொகுசு ஜீப் வைத்திருந்தவர்களும் ஒரே வரிசையில் வியர்த்தார்கள். கொழும்பு மத்தியதர வர்க்கம் சைக்கிள் கடைகளை முற்றுகையிட்டது. சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் வீட்டுக்கு மலைச் சைக்கிள் வந்ததே அந்த ஆண்டில்தான். எரிபொருள் இல்லாததால் வாங்கிய சைக்கிளை ஏற்றிச் செல்வதற்கு, அதிக எரிபொருள் குடிக்கும் வாகனத்தைக் கடனுக்கு வாங்குவதென்றால், அந்த வரிசைகளில் நின்று நாம் கற்றது என்ன?

இப்போது விற்பனையாளரின் வாதத்துக்கு வருவோம். உணர்ச்சியை ஒருபுறம் வைத்துவிட்டு அளவுநாடாவை எடுத்தேன்.

எங்கள் மலைச் சைக்கிள் ஒன்றின் நீளம் ஏறத்தாழ 1.8 மீற்றர். டபுள் கப் வாகனங்களின் பின்தட்டு நீளம் ஏறத்தாழ 1.5 மீற்றர். ஆக, சைக்கிளுக்கென்றே விற்கப்படும் அந்த வாகனத்தில் சைக்கிள் நேராக அடங்காது. முன் சில்லைப் பின்கதவுக்கு மேலால் வெளியே தொங்கவிட வேண்டும், அல்லது கோணலாக அடுக்க வேண்டும். மழை பெய்தால் நனையும். வழியில் தேநீர் குடிக்க நிறுத்தினால் ஒருவர் காவல் இருக்க வேண்டும். வாகனத்தின் நீளமோ ஐந்து மீற்றருக்கு மேல். எங்கள் தொடர்மாடியில் எமக்கு ஒதுக்கிய தரிப்பிடம் ஐந்து மீற்றர்கூட இல்லை. மூக்கு உள்ளே, வால் அயலவரின் வாசலில்.

சரி, ஜீப் வகை வாகனத்தின் கூரையில் சட்டம் பூட்டி ஏற்றலாமே? ஏற்றலாம். ஒரு மலைச் சைக்கிள் 13 முதல் 15 கிலோ. மூன்று சைக்கிளும் சட்டமும் சேர்ந்தால் 60 கிலோவை நெருங்கும். பல சிறிய வாகனங்களின் கூரை தாங்கும் எல்லை 75 கிலோ; சிலவற்றுக்கு அதற்கும் குறைவு. கைநூலில் எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை. உயரமான வாகனமாயின் ஒவ்வொரு சைக்கிளையும் தலைக்குமேல் தூக்க வேண்டும். என் தோள்மூட்டு அதற்கு உடன்படாது. வாகனத்தின் உயரம் 1.7 மீற்றர், அதன்மேல் நிற்கும் சைக்கிள் ஒரு மீற்றருக்கு மேல். எங்கள் தரிப்பிடத்தின் தாழ்ந்த கூரையை மறந்து ஒரு நாள் உள்ளே விட்டால் சைக்கிளும் போகும், கூரையும் போகும். காற்றெதிர்ப்பால் கூடுதலாக எரியும் எரிபொருள் வேறு.

பின்னால் பூட்டும் சட்டம் இதைவிட மேல். தூக்கும் உயரம் குறைவு. ஆனால் நல்ல சட்டத்துக்கு இழுவைக் கொக்கி வேண்டும். யப்பானிலிருந்து இங்கு வரும் பாவித்த வாகனங்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. கொக்கியில்லாமல் பட்டிகளால் பின்கதவில் கட்டும் சட்டம், நிறப்பூச்சைத் தின்னும். இரண்டு வகையிலுமே இலக்கத்தகடும் பின்விளக்குகளும் மறைவதற்கு இடமுண்டு. பொலிஸார் கைகாட்டினால் அந்த இடத்தில் எந்த நியாயமும் எடுபடாது.

எஞ்சியிருப்பது உள்ளே ஏற்றுவது. இங்குதான் விற்பனையாளர்கள் வாய் திறப்பதில்லை, ஏனெனில் விடை மலிவானது. முன் சில்லைக் கழற்ற ஒரு நிமிடம் போதும். கழற்றினால் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இருவர் மட்டும் போவதானால் ஹொண்டா ஃபிட் போன்ற ஒரு சிறிய காரே போதும். அதன் எரிபொருள் தாங்கி முன் ஆசனங்களுக்கு அடியில் இருப்பதால், பின் ஆசனத்தின் இருக்கையை மேலே மடித்துச் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிடலாம். நால்வருக்கும் மூன்று சைக்கிளுக்கும் பாவித்த வான் ஒன்று. பின்வரிசை ஆசனங்கள் இருபுறச் சுவரோடும் மடியும் டவுன்ஏஸ் நோவா வகை வான்கள் இந்நாட்டுத் தெருக்களில் ஏராளம். நீளம் நாலரை மீற்றருக்குள். சைக்கிள்கள் நனையா, களவுபோகா, கூரையில் இடிபடா. தாழ்ந்த தளம் என்பதால் அம்மா போன்ற முதியவரும் சிரமமின்றி ஏறலாம். குடும்ப வாகனம் என்ற சொல்லில் 'குடும்பம்' என்பதும் இருக்கிறதல்லவா?

"தோட்டப் பாதைக்கு உயர்ந்த வாகனம் வேணும் அப்பா" என்றாள் மகள். நியாயமான கேள்விதான். ஆனால் கரடுமுரடான பாதையில் ஓடுவதற்கென்று படைக்கப்பட்டதே மலைச் சைக்கிள். அப்புத்தளை நகர் வரை காபெற் வீதி. வானை அங்கே நிறுத்திவிட்டு, தம்பேதன்னைப் பக்கம் ஏறும் பாதையைச் சைக்கிளிடம் விட்டுவிட வேண்டியதுதான். கரடான பாதை முழுவதையும் வாகனத்தில் கடந்து, சமதரையில் இறங்கிச் சைக்கிள் ஓடுவதற்கு மலைச் சைக்கிள் எதற்கு? அத்துடன் அந்தத் தோட்டப் பாதைகள் எமது விளையாட்டு மைதானமும் அல்ல. கொழுந்துச் சுமையோடு பெண்கள் ஏறி இறங்கும் பாதை, லயன்களிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதை. அதில் சைக்கிள் ஒதுங்கி வழிவிடும். டபுள் கப் வந்தால் ஒதுங்க வேண்டியவர்கள் அவர்கள்.

என் வாதத்துக்கு எதிரான ஒரு வரலாற்று உண்மையையும் மறைக்கக் கூடாது. மலைச் சைக்கிள் என்ற பொருளே பாரவண்டியின் தயவில் பிறந்தது. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் 1976 ஒக்டோபரில் தொடங்கிய 'றிபாக்' பந்தயத்துக்கு, இளைஞர்கள் தங்கள் சைக்கிள்களைப் பழைய பாரவண்டிகளில் ஏற்றித்தான் மலையுச்சிக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அவர்கள் ஏற்றியவை எவை? உலகப்போருக்கு முந்திய காலத்துத் தடித்த ரயர்ச் சைக்கிள்கள். பிறர் பயனற்றவை என்று கழித்துவிட்டவை. செங்குத்தில் இறங்கும்போது பிரேக் சூடேறிக் கொழுப்பு உருகிவிட, ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் புதிதாகக் கொழுப்பு அடைக்க நேர்ந்ததால் வந்ததே அந்தப் பெயர். 1977 இல் ஜோ பிறீஸ் அதற்கெனவே சட்டகம் அமைத்தார். 1979 இல் கரி ஃபிஷரும் சார்ளி கெலியும் விற்பனை தொடங்கினர். 1996 இல் அது ஒலிம்பிக்கை எட்டியது. இந்த விளையாட்டின் மூலவர்கள் கழிவிலிருந்து சைக்கிள் செய்தவர்கள். அவர்களின் பெயரால் நமக்குச் சொகுசு விற்கிறார்கள்.

உண்மையில் இங்கு விற்கப்படுவது கௌரவம். இந்நாட்டில் டபுள் கப் என்பது நீண்டகாலமாக அமைச்சரின் மெய்ப்பாதுகாவலரும் திணைக்களத் தலைவரும் ஏறிய வாகனம். அதில் ஏறினால் எதிரே வருபவர் ஒதுங்குவார் என்ற எண்ணம் எமக்குள் ஊறிப்போயுள்ளது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்ததும், ஐந்து ஆண்டுப் பசி ஒன்றாகக் கிளம்பியது. வங்குரோத்தானதாக 2022 ஏப்ரலில் தானே அறிவித்த நாடு இது. டொலரை எதற்குச் செலவிடுகிறோம் என்ற கேள்வி அரசுக்கு மட்டும் உரியதல்ல.

அரசையும் விட்டுவிட முடியாது. பிள்ளைகள் வாகனம் கேட்பதன் மூல காரணம், கொழும்பிலிருந்து சைக்கிளோடு வெளியேற வேறு நல்ல வழி இல்லாமைதான். காலி வீதியில் சைக்கிளுக்கென்று தனிப் பாதை இல்லை. என் இளமையில் யாழ்தேவியின் பொதிப் பெட்டியில் சைக்கிளைப் பதிவு செய்து ஏற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். பதுளைப் பாதையில் உல்லாசப் பயணிகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கொழுவத் தெரிந்த புகையிரதத் திணைக்களத்துக்கு, ஒரு பெட்டியின் ஓரத்தில் பத்துச் சைக்கிள்களை நிறுத்த இடம் ஒதுக்குவது பெரிய காரியமா? அப்படியொரு பெட்டி கொழுவும் நாளில், எங்கள் வீட்டு விவாதத்தில் பாதி முடிந்துவிடும்.

எது எப்படியோ, எங்கள் பாராளுமன்றம் வாக்கெடுப்பின்றி ஒரு முடிவுக்கு வந்தது. பாவித்த வான் ஒன்று, கடன் இல்லை, சேமலாப நிதியின் பெரும்பகுதி தொடப்படாமல் இருக்கும். சபாநாயகர் மட்டும் ஒரு நிபந்தனை விதித்தார்.

"என்ன நிறமெண்டாலும் பரவாயில்லை. வெள்ளை மட்டும் வேண்டாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள், வெள்ளை வான் அழுக்குப் பிடிக்கும் என்று அம்மா சொல்வதாக நினைத்து. 2006 க்குப் பிந்திய ஆண்டுகளில், கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளனுக்காக இரவுகளில் யன்னலோரம் காத்திருந்த பெண் அவர். தெருவில் ஒரு வெள்ளை வான் மெதுவாக வந்தால் விளக்கை அணைத்துவிடுவார். அதை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கவில்லை.

எனவே சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் போகும் இடமெல்லாம் அளவுநாடாவும் என் சைக்கிளும் கூடவே வருகின்றன. முன் சில்லைக் கழற்றி ஏற்றிப் பார்த்தபின்தான் விலை பேசுவேன்.