புறாவின் காலில் சுற்றிய நூல்

தைப்பூசத்தின்போது மலேசியாவின் பத்துமலை முருகன் கோயிலுக்கு வருவோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டும். காவடி சுமப்பவர் மயங்கினால் தாங்குவதற்கு முதலுதவிக் கூடாரம் உண்டு. நாவறண்டவர்க்குத் தண்ணீர்ப் பந்தல் உண்டு. வழிதவறிய குழந்தையைப் பெற்றோரிடம் சேர்க்க ஒலிபெருக்கி உண்டு. நம் சமூகம் இத்தகைய ஒழுங்கைப் பெற்றிருப்பது பெருமைக்குரியது. ஆயின் அதே முற்றத்தில் ஆண்டு முழுதும் குடியிருக்கும் புறாவும் குரங்கும், ஆதரவற்றுத் திரியும் நாயும் பூனையும் நோயுற்றால் அவற்றை ஏந்தும் கை எது? தானியப் பொட்டலம் வாங்கி இறைக்கிறோம். புறாக்கள் ஒருசேர மேலெழும்போது குழந்தைகள் மகிழ்கின்றன. நம் கருணை பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகிறது.

இறைத்த தானியத்தைக் கொத்தும் புறாக்களின் கால்களைக் குனிந்து நோக்குவோர் சிலரே. நகரத்துப் புறாக்கள் பலவற்றுக்கு விரல்கள் குறைந்திருப்பது உலகெங்கும் காணப்படும் துன்பம். அதன் காரணத்தைப் பாரிஸ் நகரில் ஆராய்ந்தவர்கள் 2019இல் தம் முடிவை வெளியிட்டனர். முடிதிருத்தகங்கள் மிகுந்த தெருக்களில் விரலிழந்த புறாக்களும் மிகுதியாக இருந்தன. தரையில் நடக்கும் பறவையின் விரலில் மயிரிழையோ நூலிழையோ சுற்றிக்கொள்கிறது, நாளடைவில் இறுகுகிறது, குருதியோட்டம் தடைப்பட்டு விரல் கறுத்து உதிர்கிறது. முடிகாணிக்கை செலுத்துவோரும் மாலை சார்த்துவோரும் நாள்தோறும் வரும் பத்துமலை முற்றத்துக்கு இவ்வாய்வு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழித்த முடியையும் மாலை நாரையும் மூடிய தொட்டியில் சேர்ப்பது முதற்கடமை. இழை ஏற்கெனவே இறுகிவிட்ட பறவைக்கோ கைவேலை தேவைப்படுகிறது. மெல்லிய துணியால் சிறகை அணைத்துப் பிடித்து, மார்பை அழுத்தாமல், வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து, சிறு கத்தரியால் ஒவ்வோர் இழையாக நறுக்கி எடுக்க வேண்டும். மார்பு அழுந்தினால் பறவைக்கு மூச்சு நின்றுவிடும். இழை தசைக்குள் புதைந்திருந்தால் மருத்துவரிடமே கொண்டுசெல்ல வேண்டும். இதற்கு இரக்கம் மட்டும் போதாது. பழகிய விரல்கள் வேண்டும்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். முருகன் உறையும் பழனியை ஆண்ட அவ்வள்ளலின் உள்ளம் உயர்ந்ததே. எனினும் அந்த மயிலுக்குக் குளிர்ந்ததா, போர்வை அதற்கு வேண்டியிருந்ததா என்று அவன் ஆராயவில்லை. கொடைக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லாதிருக்கலாம். பிணிதீர்க்கும் பணிக்கு அதுவே தொடக்கம்.

அந்த ஆராயும் கையும் தமிழர்க்குப் புதியதன்று. மாட்டு வாகடம் எனும் பெயரில் கால்நடை மருத்துவச் சுவடிகளை எழுதி வைத்த மரபு நம்முடையது. தஞ்சைப் பகுதியில் கால்நடை மருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய ந. புண்ணியமூர்த்தி, கிராமத்து மருந்துகளைத் தொகுத்துச் செம்மைப்படுத்தியவர். பசுவின் மடிவீக்க நோய்க்கு அவர் பரப்பிய மருந்து இந்தியாவின் தேசியப் பால்வள வாரியத்தின் வழியாக நாடெங்கும் சென்றுள்ளது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். மடியைக் கழுவி, பாலை முற்றக் கறந்து, விழுதை நீரில் கரைத்துத் தடவ வேண்டும். ஒரு நாளில் எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள்களுக்கு இதைச் செய்ய வேண்டும். மருந்தின் விலை அற்பமே. ஆனால் நோயுற்ற பசுவின் அருகில் ஒரு மனிதக் கை நாளெல்லாம் மீண்டும் மீண்டும் வந்து அமர வேண்டும் என்று அது கேட்கிறது. மடி எவ்வளவு சூடாயிருக்கிறது, பசு காலை உதறுகிறதா, பாலில் திரிதிரியாக வருகிறதா என்பவற்றை அந்தக் கையே முதலில் அறிகிறது.

மாடுகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுக்கும் கழுத்துப் பகுதியை மனிதர் வருடினால், அவை கழுத்தை நீட்டிக் காதைத் தளரவிட்டு இசைவு காட்டுவதை வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கோலாலம்பூரின் பழைய வண்டிக்காரர்களுக்கு இதை எவரும் கற்பிக்கவில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் அந்நகரை அழித்தபின் செங்கல்லால் கட்டி எழுப்பினார்கள். செங்கற்சூளைகள் நிறைந்திருந்ததாலேயே அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அப்பெயர் பெற்றது. மாட்டு வண்டிகளே சுமை இழுத்த காலம் அது. நுகத்தடி உராய்ந்த கழுத்தை மாலையில் தடவிப் பார்க்காத வண்டிக்காரன் மறுநாள் வண்டி பூட்ட முடியாது. பின்னர் இரப்பர்த் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் பசுவும் ஆடும் வளர்த்த தாய்மாரிடம் அவ்வறிவு தங்கியிருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள், மாடுகள் போயின. அவற்றோடு அந்தக் கையறிவும் போய்க்கொண்டிருக்கிறது. இவ்விழப்பை எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே நம் கவலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தொடுதலால் அச்சம் தணியும். அச்சம் தணிந்த உயிர் மருத்துவத்துக்கு உடன்படும். அதற்கு மேல் தொடுதலுக்கு ஆற்றல் ஏற்றிப் பேசுவோரை நம்பலாகாது. எந்தக் கையும் தடவி வெறிநாய்க்கடி நோயைத் தீர்த்ததில்லை. 2017இல் சரவாக்கில் அந்நோய் பரவி உயிர்களைப் பறித்ததை மலேசியர் மறந்துவிடலாகாது. அவ்வாறே, காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்குப் பாராசிட்டமால் ஊட்டுவது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். அம்மருந்தைச் செரிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. மயங்கிய விலங்கின் வாயில் நீர் வார்த்தால் அது நுரையீரலுக்குள் செல்லும். அடிபட்ட நாய் வலி மிகுதியால் வளர்த்தவரையே கடிக்கும். பக்கவாட்டில் அணுகி, தாழ்ந்த குரலில் பேசி, கனத்த துணியால் போர்த்தி, பலகையில் கிடத்திக் கொண்டுசெல்வதே முறை. அன்போடு செய்யப்படும் தவறும் உயிரைப் பறிக்கும்.

பத்துமலைக் குரங்குகளைப் பொறுத்தவரை, தொடாதிருப்பதே நாம் செய்யத்தக்க சிகிச்சை. நீண்டவால் குரங்கு எனப்படும் இவ்வினத்தைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. படிகளில் அவை திரளாகக் காணப்படுவதால் இச்செய்தி நமக்கு வியப்பளிக்கலாம்; அத்திரளுக்கு நாம் நீட்டும் வாழைப்பழமும் ஒரு காரணம். உண்டு பழகியவை பையைப் பறிக்கின்றன, கடிக்கின்றன. அதன்பின் தொல்லை விலங்கு என்ற பெயர் பெற்றுப் பொறிக்குள் அகப்படுகின்றன. மனிதர்க்குக் கொடிய மூளைநோயை உண்டாக்கவல்ல ஒருவகை ஹெர்ப்பிஸ் கிருமியும் இக்குரங்குகளிடம் இயல்பாக இருக்கக்கூடும். தொற்று அரிது, நேர்ந்தால் கொடிது. காயமுற்ற குரங்கைக் கண்டால் விலகி நின்று, கூட்டத்தை விலக்கி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்ல வேண்டும். தாய்க்குரங்கின் மடியிலிருந்து நலிந்த குட்டியைக் காப்பாற்றுவதாக எண்ணிப் பறிப்பது பெருங்கொடுமை.

சட்டம் முன்னேறியிருக்கிறது. 1953ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி கொடுமைக்குரிய அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2017 சூலையில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்து, மூன்றாண்டு வரை சிறைக்கும் இடமளித்தது. வலியினின்றும் நோயினின்றும் விலங்கைக் காப்பது உரிமையாளரின் கடமை என்றும் அது வகுக்கிறது. உரிமையாளர் இல்லாத உயிரிடம்தான் சட்டத்தின் கை தளர்கிறது. கோயில் முற்றத்து நாய் யாருடையது?

நம்முடையது என்று கோயில் நிர்வாகம் சொல்ல வேண்டும் என வேண்டுகிறோம். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலம் 1970களிலிருந்து மருத்துவர்களை உருவாக்கி வருகிறது. அதன் மருத்துவமனை பத்துமலையிலிருந்து தொலைவில் இல்லை. அம்பாங்கில் சிலாங்கூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. இவர்களையும் செலாயாங் நகராண்மைக் கழகத்தையும் அழைத்துப் பேசி, மலையடிவாரத்தில் ஒரு சிறு பராமரிப்பு அறை அமைப்பது நமக்கு எட்டாத செயலன்று. ஒரு மேசை, சில கூண்டுகள், துணி, கத்தரி, வாரத்தில் சில நாள் வரும் மருத்துவர், பயிற்சி பெற்ற தொண்டர் பத்துப் பேர். தொடங்க இவ்வளவு போதும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள தமிழ்ப்பள்ளி மாணவர் அங்கே வந்து, அடிபட்ட பூனையைத் துண்டில் சுற்றி எடுப்பது எப்படி என்று செய்து பழகட்டும். தோட்டத்தில் மாடு வளர்த்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துவந்து, இளம் மருத்துவரின் அருகில் அமர்த்தி, கையால் அறிந்ததையெல்லாம் சொல்லக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இவ்வேலை மட்டும் பொறுக்காது. அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.