கயிறு ஏறிக் கிடைத்த தங்கம்

குற்றாலம் சாரல் விழாவில் ஆணழகன் போட்டி என்றால் மேடையைச் சுற்றிக் கூட்டம் நெருக்கியடிக்கும். தென்காசியிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் பெருகிவிட்டன, நல்ல மாற்றம். ஆனால் பிள்ளைக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்க வேண்டும் என்று விசாரிப்பவர்களையும் அங்கேயே அனுப்பிவைக்கிறோம். பளு தூக்கிச் சதையை உருட்டித் திரட்டுவது ஒன்று. தன் உடம்பையே பளுவாகக் கொண்டு தொங்கவும் ஏறவும் சுழலவும் பழகுவது முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டை விளக்க, நூறாண்டுக்கு முந்தைய செக் வீரர் ஒருவரின் வாழ்க்கையே போதும்.

அவர் பெயர் பெட்ரிஷிக் ஷுப்சிக். 1898 அக்டோபரில் வியன்னாவுக்குத் தெற்கே ட்ரூமாவ் என்ற ஊரில் பிறந்தார். அன்று செக் மக்களுக்குத் தனி நாடு கிடையாது; ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிகள் அவர்கள். ஆட்சி கையில் இல்லாத அந்த மக்கள் உடற்பயிற்சியைக் கையில் எடுத்தார்கள். 1862-ல் மிரோஸ்லாவ் டீர்ஷ் என்ற அறிஞரும் யிந்த்ரிஷிக் ஃபியூக்னர் என்ற வணிகரும் பிராக் நகரில் சோகோல் என்ற சங்கத்தைத் தொடங்கினர். ஊருக்கு ஊர் கிளை, கிளைக்கு ஒரு பயிற்சிக் கூடம் என்று அது பரவியது. கூட்டாகப் பயிற்சி செய்யும் இளைஞர் கூட்டத்தில் தேசிய உணர்வு வளர்வதைக் கண்டு பேரரசு 1915-ல் சங்கத்தைத் தடை செய்தது. மூன்றே ஆண்டில், 1918-ல், செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது.

அந்தப் புதிய நாட்டுக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கத்தை வாங்கித் தந்தவர் ஷுப்சிக். 1924 பாரிஸ் போட்டியில் அவர் வென்றது கயிறு ஏறுதலில். ஆம், அன்று அதுவும் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு பிரிவுதான். தொங்கும் கயிற்றின் உயரம் 8 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மாடி. தரையில் உட்கார்ந்த நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். கால் கயிற்றைத் தொடக்கூடாது. ஷுப்சிக் உச்சியைத் தொட்டது 7.2 வினாடியில். பிரான்ஸின் ஆல்பர்ட் செகன் 7.4 வினாடியில் இரண்டாவதாக வந்தார்.

நம் ஊர்ப் பனையேறியை நினைத்துக்கொண்டால் இதன் கடுமை விளங்கும். பனையேறியின் காலில் தளைநார் இருக்கும். மரத்தை அணைத்து, பாதத்தில் எடையைத் தாங்கி, கையை மேலே நகர்த்துவார். கயிற்றிலோ பாதத்துக்கு வேலையே இல்லை. ஒரு கை முழு உடம்பையும் தாங்கி நிற்க, மறு கை மேலே பாய வேண்டும். விரல், முன்கை, தோள், முதுகு, வயிறு எல்லாம் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் ஏற முடியும். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் இதே போட்டியில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசருக்கு இடது கால் மரக்கால். இதைவிடச் சான்று வேண்டுமா?

ஷுப்சிக் கயிறு மட்டும் ஏறியவர் அல்லர். அதே பாரிஸில் எல்லாக் கருவிகளையும் சேர்த்த தனிநபர் போட்டியில் வெண்கலம் பெற்றார். 1928 ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி வென்ற அணியிலும் இருந்தார். 1957-ல் பிராக்கில் காலமானார். கயிறு ஏறுதல் 1932 லாஸ் ஏஞ்சலஸோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றுவிட்டது.

அந்த 1924 பாரிஸ் போட்டிக்கு இந்திய அணியை அழைத்துப்போனவர் சென்னையில் பணியாற்றியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கிய ஹாரி க்ரோ பக் அவர். தமிழ்நாட்டின் உடற்கல்வி ஆசிரியர் மரபு அங்கிருந்துதான் வேர்பிடித்தது. ஆகவே இந்த விளையாட்டு நமக்கு எட்டாத தூரத்தில் இருந்ததில்லை. கிருஷ்ண ஜெயந்திக்கு எண்ணெய் பூசிய வழுக்குமரத்தில் சறுக்கிச் சறுக்கி ஏறும் பையன்களுக்குத் துணிச்சலும் குறைவில்லை. குறைவது, ஆண்டு முழுக்க முறையாகப் பழகும் இடம்தான்.

அதற்குப் பெரிய அரங்கம் வேண்டாம். உறுதி சோதிக்கப்பட்ட இரும்பு உத்தரம், தடித்த கயிறு ஒன்று, கீழே கனமான மெத்தை, பக்கத்தில் நிற்க ஒரு பி.டி. வாத்தியார். முதல் சில வாரம் பிள்ளைகள் ஏறவே வேண்டாம், தொங்கிப் பழகட்டும். பிறகு இறங்கும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். சறுக்கி இறங்கினால் உள்ளங்கை உரிந்துவிடும். கை மாற்றிக் கை மாற்றித்தான் இறங்க வேண்டும். ஏறுவது அதற்கப்புறம். பெண் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான்.

தென்காசி மாவட்டத்துத் தலைமை ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் வரும் கல்வியாண்டிலாவது பள்ளிக்கு ஒரு கயிறு கட்ட முன்வர வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமலும் இருக்க வேண்டும்.