அரியாங்குப்பத்தான்

மீன் தொட்டி விற்கும் கடையில் நின்று, "இதில் நம்ம ஊர் மீன் எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். கப்பிக்குப் பூர்வீகம் தென் அமெரிக்கா, மோலிக்கு மெக்சிகோ, தங்கமீனுக்குச் சீனா, ஃபைட்டருக்குத் தாய்லாந்து. முக்கால்வாசியும் சென்னை கொளத்தூரில் குஞ்சு பொரித்து, ஆக்சிஜன் அடைத்த பையில் பஸ் ஏறி வந்தவை. குறிஞ்சிப்பாடிக் கடைத்தெருவில் இத்தனை தேசத்து மீனும் கிடைக்கும். பக்கத்திலிருக்கும் பெருமாள் ஏரி மீனுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

வெளியூர்க்காரர்கள் அப்படி இருக்கவில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து அரியாங்குப்பத்து ஆற்றைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழையும். அந்த ஆற்றில் பிடித்த இரண்டங்குல மீன் ஒன்று கப்பலேறிப் பாரிஸ் போனது. 1831-இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் ஜார்ஜ் கூவியே தன்னுடைய மீன் நூலின் ஏழாம் தொகுதியில் அதை விவரித்து, ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். இன்று அறிவியலில் அது 'சூடோஸ்ப்ரோமினஸ் குபானஸ்'. அந்தப் பெயர் வாயில் நுழையாது. நான் அரியாங்குப்பத்தான் என்று கூப்பிடுகிறேன். நம் பக்கத்து வயல் வாய்க்கால், தாமரைக் குட்டை, கழிமுகத்து உப்பங்கழி ஓரம் எல்லாம் அவன் வாசம்தான். குழம்புக்கு ஆகாத அளவு என்பதால் நாம் கண்டுகொள்வதில்லை. மதகடியில் நான் வலைத்துணியோடு நின்றபோது ஒரு பொடியன், "அது திங்கிற மீனில்ல மாமா, விட்டுடுங்க" என்று அக்கறையோடு சொன்னான்.

பார்க்கத் தவிட்டு நிறம். வெளிச்சம் சாய்வாகப் பட்டால் துடுப்போரத்தில் நீலமும் கண்ணில் சிவப்பும் தெரியும். வாலின் நடுவே கூராக ஒரு முனை நீண்டிருக்கும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருப்பதால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் மேலே வந்து ஒரு வாய்க் காற்று குடித்துவிட்டுப் போகும். பனையேறிக் கெண்டைக்கும் ஃபைட்டருக்கும் இருக்கும் அதே ஏற்பாடு. ஆகஸ்டில் வற்றிச் சூடேறி மூச்சுத் திணறும் குட்டையிலும் இவன் பிழைத்துக்கிடப்பது இதனால்தான்.

ஆகவே இவனுக்கு மோட்டார் வேண்டாம். காற்றுக் குமிழ் விடும் பம்ப், நீரைச் சுழற்றும் ஃபில்ட்டர், வண்ணக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, எல்லாம் தண்டச் செலவு. ஓடாத தண்ணீரில் வாழும் மீனை மோட்டார் சுழலில் போட்டால் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு கிடக்கும். என் வீட்டுத் தொட்டியைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, "மோட்டாரு ரிப்பேரா தம்பி? தண்ணி சும்மா கெடக்குதே" என்றார். சும்மா கிடப்பதுதான் அதற்குச் சரி. அடியில் ஆற்று மணல், ஒரு கொத்து வேலம்பாசி, காய்ந்த பாதாம் மர இலை நாலைந்து, கவிழ்த்துச் செருகிய ஒரு கொட்டாங்கச்சி. இலை ஊறித் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். அழுக்கு என்று அதைக் கொட்டிவிடாதீர்கள். மேலே மூடி கட்டாயம். மீன் துள்ளி வெளியே விழும் என்பது ஒன்று. குஞ்சுகள் முதன்முதலில் குடிக்கும் காற்று வெதுவெதுப்பாக ஈரமாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

ஐப்பசி மழை பிடித்ததும் ஒரு வாளி மழைத்தண்ணீரைத் தொட்டியில் விட்டுக் கூத்தாடிப் புழுவைத் தீனியாகப் போட்டு வந்தால், ஆண் மீன் கொட்டாங்கச்சிக்குள் எச்சில் குமிழ்களை ஒட்ட ஆரம்பிக்கும். ஒவ்வொரு குமிழாக வாயில் செய்து ஒட்டும். பெண் மீன் கறுத்துவிடும். அதுதான் தயார் என்பதற்கு அடையாளம். ஆண் அதை வளைத்து அணைக்க, உதிரும் முட்டைகள் கீழே இறங்கும். அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் வைக்கும். காவல் பெரும்பாலும் ஆணுடையது. இரண்டு நாளில் குஞ்சு பொரியும். பிரசவ வார்டு வாசலில் நிற்கும் அப்பாவைப் போல ஆண் மீன் அந்த நாட்களில் யாரையும் கிட்டே விடாது. குஞ்சு நீந்தத் தொடங்கியதும் பெரிய மீன்களைப் பிரித்துவிடுங்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் குஞ்சுக்கு எந்தப் பாக்கெட் தீனியும் வாயில் கொள்ளாது. ஒரு பிடி வைக்கோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு நாலைந்து நாள் விட்டால் நுண்ணுயிர் பெருகிக் கலங்கும். அந்தத் தண்ணீரில் சில சொட்டு போதும். வயலில் அறுப்பு முடிந்த தாளில் தண்ணீர் நின்றால் என்ன நடக்கிறதோ அதையேதான் நாம் கிண்ணத்தில் செய்கிறோம்.

அதே வாய்க்காலில் இன்னொரு மீனும் உண்டு, உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்தது. தண்ணீரின் மேல்தோலை ஒட்டியே நிற்கும். குனிந்து பார்த்தால் முதலில் அந்தப் பொட்டுதான் தெரியும். மீன் வளர்ப்போர் இதைப் பஞ்சாக்ஸ் என்பார்கள். 1900-களின் தொடக்கத்திலேயே இந்த இனங்கள் ஜெர்மனிக்குக் கப்பலில் போய், அங்கே வரவேற்பறைத் தொட்டிகளில் நீந்தின. இது கூடு கட்டாது. தினமும் சில முட்டைகளைப் பாசி வேரில் தனித்தனியாக ஒட்டிவைக்கும். பாசிக்குப் பதில் ஒரு கொத்து நூலைத் தொங்கவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும். குறிஞ்சிப்பாடி மாதிரித் தறி ஊரில் நூலுக்கா பஞ்சம் என்று நினைப்போம். ஆனால் கைலிக்கான பருத்தி நூல் தண்ணீரில் அழுகிவிடும். ஸ்வெட்டர் பின்னும் செயற்கை நூல்தான் தாங்கும். முட்டையைத் தொட்டால் உடையாது, கடுகு போல உருளும். விரலால் எடுத்து வேறு கிண்ணத்தில் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் பொரியும். அங்கேயே விட்டால் பெற்றதே தின்றுவிடும்.

இந்தப் பொட்டு மீன் தண்ணீர்மேல் வரும் கொசுப்புழுவை விரட்டி விரட்டித் தின்னும். அப்படி ஓர் ஆள் வாய்க்காலிலேயே இருக்கும்போது, கொசுவுக்காக 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியாவை வரவழைத்தார்கள். அது வட அமெரிக்காவின் மீன். கொசுப்புழுவோடு நிற்காமல் அடுத்த மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், துடுப்பைக் கடிக்கும். உலகின் மோசமான நூறு ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. நாமும் ஊர் மாறும்போது, "பாவம், பொழச்சிப் போகட்டும்" என்று கப்பியை ஏரியில் கொட்டுகிறோம். புண்ணியம் ஒரு மீனுக்கு, வினை ஏரிக்கு. 2015 நவம்பர் போல ஒரு வெள்ளம் வந்தால் கொட்டவும் வேண்டியதில்லை. தரைமட்டத்துத் தொட்டியெல்லாம் தானாக வாய்க்காலோடு கலந்துவிடும். முற்றத்தில் வைத்து வளர்ப்பதென்றால் நாட்டு மீனே பத்திரம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வீட்டில் பொரித்த நாட்டுக் குஞ்சுகளையும் ஏரியில் விடாதீர்கள். தொட்டி நோய் கூடவே போகும். மீன் வளர்க்கிறவர்களுக்குக் கொடுங்கள். வாய்க்காலில் இருந்து எடுப்பதும் இரண்டு மூன்று ஜோடியோடு போதும்.

இப்படி வளர்த்து இந்த மீன்களைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தார் கோமாளி மீனுக்கே குஞ்சு பொரிக்க வைத்தார்கள். வாய்க்கால் மீன் அதைவிடச் சுலபம். ஆனால் தொட்டியில் எத்தனை பொரித்தாலும் வாய்க்கால் போனால் போனதுதான். தொட்டியால் கிடைக்கிற பலன் வேறு. ஒரு தரம் குமிழ்க்கூட்டைக் கிட்டத்தில் பார்த்துவிட்டவருக்கு, கரையோரப் பாசி குப்பையாகத் தெரியாது. மழைநீரும் நெய்வேலிச் சுரங்கத்து நீரும் கலந்து வரும் பெருமாள் ஏரிப் பாசன வாய்க்காலில், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது, எங்கே நிழல் விழுகிறது என்று கண் தானாகத் தேடும்.

அந்தக் கண்ணோடு ஒரு கோரிக்கை. தூர் வார வேண்டும், சந்தேகமில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போகாவிட்டால் விவசாயி என்ன செய்வார்? பொக்லைன் இறங்கும்போது ஒரு கரைப் பாசியை மட்டும் அடுத்த வருஷத்துக்கு விட்டுவையுங்கள். மறு வருஷம் மறுகரை. இரண்டு கரையையும் மொழுமொழுவென்று வழித்து, சிமெண்டும் பூசிவிட்டு, பிறகு கொசு கூடிப்போச்சு என்று புகையடிக்கிற வண்டியைக் கூப்பிடுவதைவிட இது செலவு குறைந்த வேலை.