கண்ணீர் கலவாத சர்க்கரை

சென்ற வாரம் பூகோளப் பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாணவன் ஒருவன் எழுந்து, "ஸார்! கனடா தேசத்துக் கொடியில் சிவப்பாக ஓர் இலை இருக்கிறதே, அது என்ன இலை?" என்று வினவினான். "மேப்பிள் மரத்தின் இலையப்பா" என்றோம். "அந்த மரம் என்ன கொடுக்கும்?" என்றான் விடாமல். "சர்க்கரை கொடுக்கும்" என்று நாம் சொன்னதும் வகுப்பே சிரித்துவிட்டது. நாம் வேடிக்கை பேசுவதாக நினைத்தார்கள் போலும்! நேயர்களும் அவ்வாறு எண்ணிவிடலாகாதே என்று அதன் விவரத்தை இங்கே எழுதத் துணிந்தோம்.

கிழக்குக் கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு ராஜ்யங்களிலும் சர்க்கரை மேப்பிள் காடு காடாக வளருகிறது. கோடையில் இலைகள் ஆக்கிய மாச்சத்தை மரம் தன் கட்டைக்குள் சேமித்து வைக்கிறது. குளிர் காலத்தில் அதில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிச் சாற்றில் கரைகிறது. குளிர் காலத்தின் கடைசியில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் சில வாரங்களே சாறு இறக்கும் பருவம். உறையும்போது மரம் கீழிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. பகலில் பனி இளகியதும் உள்ளே அழுத்தம் மிகுந்து, துளையிட்ட இடத்தில் சாறு சொட்டுகிறது. ஏறக்குறைய 2 அங்குல ஆழத் துளை, அதில் ஒரு சிறு குழாய், கீழே ஒரு வாளி, அவ்வளவுதான். மரத்துக்கு மட்டும் சுமார் 40 வயதாகியிருக்க வேண்டும். அரும்பு விரிந்துவிட்டாலோ சாற்றின் சுவை கெட்டுவிடும்.

நமது பதநீரைப்போல் அது வாயில் வைத்ததும் தித்திக்காது. நூற்றுக்கு 2 பங்குதான் சர்க்கரை. ஆகவே சுமார் 40 படிச் சாற்றைக் காய்ச்சினால் 1 படிப் பாகு மிஞ்சும். மேலும் காய்ச்சினால் கட்டிச் சர்க்கரையாகும். இந்த வித்தையை அந்நாட்டின் ஆதிக்குடிகள் வெள்ளையர் வருமுன்பே அறிந்திருந்தனர். வந்தவர்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டார்கள். இன்று வாளிக்குப் பதிலாக மரத்துக்கு மரம் குழாய் கட்டிச் சாற்றைக் கொட்டகைக்குக் கொண்டுவருவோர் பலர்.

இந்தச் சர்க்கரையை நம்பி ஒரு பெரிய அநீதியை ஒழிக்கக் கனவு கண்டவர்களும் உண்டு. அக்காலத்தில் கரும்புச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பினால் விளைந்தது. மேப்பிள் சர்க்கரை பெருகினால் அந்தக் கொடுமைக்கு வேலையிராது என்று, பிலடெல்பியா வைத்தியர் பெஞ்சமின் ரஷ் 1791-ல் தாமஸ் ஜெபர்ஸனுக்கு எழுதினார். ஜெபர்ஸனும் அதே ஆண்டில் தம் மாண்டிசெல்லோ பண்ணையில் மேப்பிள் கன்றுகளை நட்டார். அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. அந்தப் பண்ணையோ அடிமைகளின் உழைப்பாலேயே நடந்துவந்தது!

கரும்புத் தோட்டங்களின் கதை நமக்கும் அந்நியமன்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை 1834-ல் நீங்கத் தொடங்கிய பிறகு, மொரீஷியஸுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர் ஏராளம்.

இதையெல்லாம் மறுநாள் வகுப்பில் சொன்னோம். யாரும் சிரிக்கவில்லை. முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன், "அப்படியானால் எங்கள் வீட்டுச் சர்க்கரைக்குக் கரும்பு வெட்டியவர் யார், ஸார்? அவருக்குச் சரியாகக் கூலி கிடைத்திருக்குமா?" என்று கேட்டான். நமக்கு விடை தெரியவில்லை. ஆனால் பாடம் வீண்போகவில்லை என்று மட்டும் தெரிந்தது.