உப்புத்தண்ணி காட்டப் போன கதை

சொல்லிட்டேன், படிச்சிட்டு யாரும் அடிக்க வரக்கூடாது.

வெளிநாட்டுல நம்ம ஆளுங்க நாலு பேரு கூடினா ஒரு புலம்பல் கண்டிப்பா வரும். "ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்தாங்கப்பா, அவ்ளோ செலவு பண்ணி பீச் ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், அனுபவிக்கவே தெரியல." எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன். இனிமே முடியாது சாமிகளா.

எனக்கு ஊரு திருச்சுழிப் பக்கம். ரமணர் பொறந்த ஊருன்னா தெரியும். குண்டாறு ஓடுற ஊருன்னா தெரியாது, ஏன்னா அது வருசத்துல முக்கால்வாசி நாள் ஓடாது. விருதுநகர் மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில கம்மா பெருகினாத்தான் வெள்ளாமை. மத்த நாள்ல கண்ணுக்குப் பச்சையா தெரியுறது சீமைக்கருவேலம் மட்டுந்தான். அங்க தண்ணி ரெண்டு சாதி. போர்ல வர்றது உப்புத்தண்ணி, பாத்திரம் கழுவ. குடிக்க நல்ல தண்ணி, குடக்கணக்குல வெலைக்கு. கடல்னா ராமேஸ்வரம், சேதுக்கரை. ஆடி அமாவாசைக்குப் போயி முங்கிட்டு, எள்ளுந்தண்ணியும் விட்டுட்டு பஸ் ஏறணும். கடல்கிட்ட போயி சும்மா மல்லாந்து கிடக்க அவங்களுக்கு என்ன தலையெழுத்து?

அப்பேர்ப்பட்ட எங்கம்மாவை சிங்கப்பூர்ல செந்தோசாத் தீவுக்குக் கூட்டிட்டுப் போயி, பலாவான் கடற்கரையில உக்கார வெச்சு "எப்படிம்மா இருக்கு?"ன்னேன். ரெண்டு நிமிஷம் பாத்தாங்க. "உப்புத்தண்ணிதானப்பா."

சுருக்குன்னு கோவம் வந்துச்சு. (ரூம் வாடகை அப்படி!)

அப்புறம் கால் மணலைக் கழுவக் குழாயடிக்குப் போனோம். அங்கதான் அசந்து நின்னுட்டாங்க. உள்ளங்கையில ஏந்தி வாயில விட்டுப் பாத்துட்டு, "ஏப்பா, இது நல்ல தண்ணி! நல்ல தண்ணியிலயா காலு கழுவுறாக?" பக்கத்துல ஒரு சீனப் பொடியன் வாளியில பிடிச்சுப் பிடிச்சுக் கீழ கொட்டுறான். "ஏய் ராசா, கொட்டாத"ன்னு தமிழ்லயே அதட்டுறாங்க. நான் என்ன பண்ணினேன்? யாராவது பாக்குறாங்களான்னு நெளிஞ்சுக்கிட்டு நின்னேன். வெக்கங்கெட்ட பய.

எங்கம்மா கேட்டதைத்தானய்யா அந்த நாட்டுக்காரனும் கேட்டுக்கிட்டே இருக்கான்! ஜொகூர்ல இருந்து தண்ணி வாங்க 1962-ல போட்ட ஒப்பந்தம், 2061 வரைக்கும். 2003-ல கழிவுத்தண்ணியைச் சுத்தம் பண்ணி நியூவாட்டர்னு கொண்டுவந்தான். 2005-ல துவாஸ்ல கடல்தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற ஆலை. இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அம்மாவுக்குக் காட்டினது நீலக்கலர் கடலை. ஏன்? போட்டோ நல்லா வரும்ல!

நம்ம காசுல நமக்குப் பிடிச்சதைக் காட்டிட்டு, அவங்க முகத்துல சந்தோசத்தை வரவு வைக்கணும்னு காத்திருக்குறது என்ன நியாயம்ங்க? இதுல "ரசனை இல்லை"ன்னு பட்டம் வேற.

மறுநாள் மெரினா அணைக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். 2008-ல கட்டினது. கடல் வாயை அடைச்சு, உள்ள மழைத்தண்ணியைத் தேக்கி நல்ல தண்ணி ஆக்கிட்டாங்கம்மான்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இந்தக் கம்மாய்க்குக் கலுங்கு எங்கப்பா இருக்கு?"

காட்டினேன். ஒவ்வொரு மதகா விரல் விட்டு எண்ணினாங்க. ஒம்பது.

சாயங்காலம் வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்தோம்.