ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்தேன்

நாலு மாதமாக எதைச் சாப்பிட்டாலும் குமட்டுகிறது, வாரத்தில் மூன்று நாள் வாந்தி, அல்சர் மாத்திரை கேட்கவில்லை, இஞ்சிச் சாறும் சீரகத் தண்ணீரும் ஆயிற்று, வேறு ஏதாவது கை வைத்தியம் சொல்லுங்களேன் என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்.

வேறு சமயமாக இருந்தால் நெல்லிவற்றல், நாரத்தை இலைப் பொடி என்று நானும் ஏதாவது சொல்லி வைத்திருப்பேன். இந்தக் கடிதத்துக்கு மட்டும் கை ஓடவில்லை. காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது. மருமகளைக் கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். "தாராளமா எழுதுங்க அத்தை. ஆனா ஜாடி விஷயத்தை விட்டுடக் கூடாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

2014-ல் தை மாதம் கல்யாணம். வந்த புதிதில் வீடே கலகலவென்றிருக்கும். 2016 புரட்டாசியில் ஆரம்பித்தது. காலையில் பல் தேய்க்கும்போதே ஓங்கரிப்பு. நான் உடனே மனக்கணக்குப் போட்டுவிட்டேன். மசக்கைதான், வேறென்ன! புளிக்காய்ச்சல் கிளறி வைத்தேன். சம்பந்தியம்மாளுக்குப் போன்கூடப் போட்டுவிட்டேன். பரிசோதனையில் இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவள் முகம் வாடியதைப் பார்த்திருந்தும், அடுத்த மாதமும் அதையேதான் கேட்டேன். அதற்கடுத்த மாதமும்.

பிறகு டாக்டர்கள். எங்கள் தெரு டாக்டர், "கேஸ்" என்றார். டவுனில் ஒருவர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் லேசான புண் என்று மருந்து கொடுத்தார். வயிற்றை ஸ்கேன் செய்ததில் பித்தப்பையில் கல் இல்லை என்று தெரிந்தது. அந்த மட்டும் திருப்தி. வாந்தி மட்டும் நின்றபாடில்லை. கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு என் பிள்ளையிடம், "உடம்புல ஒண்ணுமில்லே, மனசுலதான். குழந்தை இல்லேங்கற ஏக்கம்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்கு ஒருவித நிம்மதி வந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஏக்கமென்றால் அவள் பாடு, நம் சமையலில் குறையில்லை!

இதற்குள் ஐம்பத்து நாலு கிலோ இருந்தவள் நாற்பத்து மூன்றுக்கு வந்துவிட்டாள். இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். பகலில் படுத்தால், "இந்தக் காலத்துப் பெண்கள்" என்று முணுமுணுப்பேன். எப்போதாவது ரொம்ப முடியாமல் போய், தெரு டாக்டர் ஒரு பாட்டில் சலைன் ஏற்றினால் மட்டும் இரண்டு நாள் ஆளே வேறாக நடமாடுவாள். "பாத்தியா, ஊசின்னா வியாதி பறந்துடுது" என்று அதையும் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

இனி ஜாடி. என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. அதனால் சமையலில் உப்பு மட்டாகத்தான் போடுவேன். இவளோ மோர்சாதத்தில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வாள். உப்பு நாரத்தங்காயை வெறுமனே தின்பாள். ஊறுகாய் ஜாடியின் அடியில் நிற்கும் உப்புத் தண்ணீரை ஸ்பூனால் எடுத்து நக்குவதை ஒருநாள் பார்த்துவிட்டேன். "இப்படித் தின்னா வயிறு புண்ணாகாம என்ன ஆகும்? வாந்திக்கு வேற காரணம் வேணுமா?" என்று போட்ட போடில் அவள் கண் கலங்கிவிட்டது. ஜாடியைத் தூக்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இன்னொன்று. சிவப்பாக வந்தவள் கறுத்துக்கொண்டே போனாள். வெயிலில் போகிறவளுமில்லை. கல்யாணங்களில் பார்க்கிறவர்களெல்லாம், "என்னடி இப்படிக் கருவாடாயிட்டே!" என்பார்கள். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துக் கொடுத்தேன். அது எங்கே போகும்?

2017 ஆடி மாதம், சாதாரணக் காய்ச்சல்தான் வந்தது. இரண்டாம் நாள் பத்துத் தடவைக்கு மேல் வாந்தி. மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை, கை கால் ஜில்லென்றிருந்தது. திருச்சிக்குக் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் நான் வேண்டாத தெய்வமில்லை.

அங்கே இரவு டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. என் மகள் வயதுகூட இருக்காது. ரத்த அழுத்தம் பார்த்தாள், கிடைக்கவே இல்லை என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். ஈறிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் மை தீற்றினாற்போல் கறுப்புத் திட்டுகள். உள்ளங்கையை விரித்தாள். ரேகைகளெல்லாம் கறுப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "கல்யாண போட்டோ இருக்காம்மா?" என்றாள். செல்போனிலிருந்து காட்டினேன். "வீட்ல இவங்க எதை ரொம்ப ஆசையா சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "உப்பும்மா" என்றேன்.

ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஹைட்ரோகார்ட்டிசோன் நூறு மில்லிகிராம் ஊசி போட்டு, சலைனை வேகமாக ஏற்றினார்கள். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது அத்தை" என்றாள். பத்து மாதத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

வியாதியின் பெயர் அடிசன் நோய். லண்டனில் கய்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் தாமஸ் அடிசன் 1855-லேயே புத்தகமாக எழுதிவைத்ததாம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கென்னடிக்கும் இதுதான். சிறுநீரகங்களின் தலையில் குல்லாய் வைத்த மாதிரி ஆளுக்கொரு அட்ரினல் சுரப்பி இருக்கிறது. உடம்பு காய்ச்சலையும் அதிர்ச்சியையும் தாங்குவதற்கான கார்ட்டிசால், உப்பைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டெரோன், இரண்டும் அங்கேதான் சுரக்கின்றன. சுரப்பி கெட்டுப்போனால் உப்பு கரைந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும். ரத்தத்தில் 135-க்குக் குறையக் கூடாத சோடியம் அவளுக்கு 119. உடம்பு உப்பு கேட்டது. நான் பூட்டி வைத்தேன். சலைன் பாட்டிலில் இருப்பதும் உப்புத் தண்ணீர்தானே, அதனால்தான் அந்த இரண்டு நாள் தெம்பு.

கறுப்புக்கும் காரணம் சொன்னாள் டாக்டரம்மா. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "வேலை செய், வேலை செய்" என்று அட்ரினலை விரட்ட ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. பதில் வராததால் இன்னும் இன்னும் அனுப்புகிறது. அந்த ஹார்மோன் அளவுக்கு மீறினால் தோலையும் கறுக்க வைக்குமாம். கஸ்தூரி மஞ்சள் என்ன செய்யும், பாவம்!

சுரப்பி ஏன் கெட்டது? மருமகளுடைய தாத்தாவுக்குக் காசநோய் இருந்திருக்கிறது. சின்ன வயதில் அவர் மடியிலேயே வளர்ந்தவள். கிருமி எங்கேயோ பதுங்கியிருந்து, கடைசியில் இரண்டு அட்ரினல்களையும் பிடித்திருக்கிறது. ஊசி மூலம் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். நம் நாட்டில் இந்த நோய்க்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணமாம். ஒன்பது மாதம் காசநோய் மாத்திரை. அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து கார்ட்டிசாலைச் சீக்கிரம் கரைத்துவிடும் என்பதால், அது முடியும்வரை ஹைட்ரோகார்ட்டிசோனைக் கூட்டிக் கொடுத்தார்கள். காசநோய் போய்விட்டது. கெட்ட சுரப்பி திரும்பவில்லை. தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்று இரண்டு மாத்திரை ஆயுசுக்கும். ஒருநாள்கூட விடக் கூடாது. காய்ச்சல் என்றால் டாக்டர் சொல்லியிருக்கும்படி இரண்டு மடங்கு. வாந்தி வந்து மாத்திரை தங்கவில்லையென்றால் தாமதிக்காமல் ஊசி, அப்புறம் ஆஸ்பத்திரி. பர்ஸில் எப்போதும் ஒரு அட்டை இருக்கிறது, "அடிசன் நோயாளி, ஸ்டீராய்டு ஊசி உடனே தேவை" என்று. விரதம் மட்டும் கிடையாது. அவள் பங்குக்கும் நான் இருந்துவிடுகிறேன்!

கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன். உங்களுக்கும் இதுதான் என்று பயமுறுத்தவில்லை. இது அபூர்வமான நோய். நாள்பட்ட குமட்டலுக்குக் கர்ப்பம், பித்தக்கல், சிறுநீரகக் கோளாறு, பல வருஷ சர்க்கரையால் இரைப்பை மந்தமாவது, வலி மாத்திரை என்று காரணங்கள் எத்தனையோ. ஆனால் நாலு மாதம் என்பது கை வைத்தியத்துக்கான காலமில்லை. எடை குறைகிறதா? எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி வருகிறதா? அப்படியானால் இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு இன்றைக்கே போங்கள். வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ கண்டால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காதீர்கள். போகும்போது என்றைக்கு, எந்த வேளை, என்ன சாப்பிட்டு வாந்தி என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். பழைய போட்டோ ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகம் பார்த்தாயிற்றா, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்க்கலாமா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிற டாக்டர் கோபித்துக்கொள்ளட்டும். "இதெல்லாம் அடுப்படி விஷயம், டாக்டரிடம் சொல்வதா" என்று நான் விழுங்கியதை நீங்கள் விழுங்காதீர்கள்.

2021-ல் மருமகளுக்கு மறுபடி காலையில் ஓங்கரிப்பு. இந்தத் தடவை நான் புளிக்காய்ச்சல் கிளறவில்லை. ஊசியையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே திருச்சிக்குப் போனோம். மசக்கையேதான்! மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்து சலைன் ஏற்றி அனுப்பினார்கள். பிரசவத்தின்போதும் ஸ்டீராய்டு ஊசி கொடுத்துத்தான் பார்த்துக்கொண்டார்கள். பேத்தி இப்போது ஊறுகாய் ஜாடியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள். அது சமையலறை மேடையிலேயே இருக்கிறது.