இடிக்க இருந்த வீடுகள் சொல்லும் பாடம்

ஊரில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள். தூண் ஒரு பக்கம் சாய்கிறது. கதவை ஒருவர் விலை பேசுகிறார். ஓடுகள் தூளாகின்றன. மாலைக்குள், திண்ணை இருந்த இடம் வெறும் மண்மேடு ஆகிவிடுகிறது.

இது ஊர்தோறும் நடப்பதுதான். யாரும் நின்று பார்ப்பது இல்லை.

ஆனால், அப்படி இடிக்க இருந்த சில வீடுகளுக்கு மறுபிறவி கிடைத்து இருக்கிறது. அவை இருக்கும் இடத்தின் பெயர், "தட்சிணசித்ரா".

சென்னையில் இருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரை ரோட்டில், முட்டுக்காட்டில் இந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. தெபோரா தியாகராஜன் என்ற அம்மையாரின் முயற்சியால் உருவானது. கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் இதற்குத் திட்டம் வகுத்தார். 1996-ம் ஆண்டு டிசம்பர் மாதம் திறக்கப்பட்டது.

தென்னாட்டின் பல ஊர்களில், சொந்தக்காரர்கள் இடிக்க முடிவு செய்த வீடுகளை விலைக்கு வாங்கினார்கள். பக்குவமாகப் பிரித்து, இங்கே கொண்டு வந்தார்கள். அந்தந்தப் பகுதித் தொழிலாளர்களே வந்து, மறுபடியும் கட்டிக் கொடுத்தார்கள்.

இந்த யோசனையை உலகம் எங்கும் பரப்பியது சுவீடன் நாடு. அங்கே ஆர்தர் ஹசேலியஸ் என்பவர், 1891-ல் "ஸ்கான்சன்" என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைகள் பெருகி, கிராம வாழ்க்கை மறைந்து வருவதை அவர் கண்டார். வீடுகளோடு பழைய தொழில்களையும் காட்டினார்.

வீட்டுக்கு வீடு காரணம்

ஆந்திரக் கடற்கரையில் புயல் அதிகம். அதனால், அங்குள்ள பழைய வீடு வட்டமானது. அதன் ஓலைக் கூரை தரையைத் தொடுவதுபோல் தாழ்ந்து இருக்கிறது. காற்று மோதுவதற்கு மூலையே இல்லை! சுற்றிக்கொண்டு போய்விடும்.

கேரளத்தில் மழை அதிகம். அங்கே கூரை நன்றாகச் சரிந்து இருக்கும். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். நீண்டு இறங்கும் கூரை, சுவரையும் நனைய விடாது.

கர்நாடகத்தில் உள்ள இல்கல், சேலைக்குப் பெயர் போன ஊர். அங்கே நெசவாளர் வீடு கல்லால் ஆனது. தடித்த கல் சுவர், பகல் வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது.

தமிழ்நாட்டு வீட்டில் திண்ணை உண்டு. வழிப்போக்கர் இளைப்பாறலாம். உள்ளே முற்றம் உண்டு. வெளிச்சம் அதன் வழியே வரும். சூடான காற்று அதன் வழியே மேலே போகும்.

இவற்றைக் கட்டியவர்கள் கல்லூரிக்குப் போனவர்கள் அல்ல. மழை, வெயில், புயல் - இந்த மூன்றும்தான் அவர்களுக்கு வாத்தியார்!

குயவரின் சக்கரம்

அங்கே குயவரின் சக்கரமும் சுழல்கிறது. பார்க்க வரும் பிள்ளைகளும் கை வைத்துப் பார்க்கலாம்.

குயவர் தொட்டால் மண் பானையாக எழுகிறது. பிள்ளை தொட்டால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சரிகிறது. ஒரு பானைக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் தேவை என்பது அப்போது பிள்ளைக்குப் புரியும். பக்கத்தில் நிற்கும் தகப்பனாருக்கும் புரிய வேண்டும். சினிமா டிக்கெட்டுக்குப் பேரம் பேசாதவர், சட்டிக்கும் பானைக்கும் மட்டும் ஏன் பேரம் பேச வேண்டும்?

வீடு மாறலாம்

பழையது எல்லாம் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஓலை தீப்பிடிக்கும். ஓடு ஒழுகும். ஒழுகும் வீட்டில் குழந்தையோடு விழித்து இருப்பவரிடம் போய், "பழமையைக் காப்பாற்று" என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர் உறுதியான வீடு கட்டட்டும்.

அந்தக் காலத்தில் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்தன. அந்தப் பிரிவினையும் திரும்பி வர வேண்டாம். முட்டுக்காட்டில் அக்கிரகாரத்து வீடும், குயவர் வீடும், நெசவாளர் வீடும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. அது நல்ல காட்சி.

வீடு மாறலாம். ஆனால், வீட்டில் இருந்த அறிவு மறைந்துவிடக் கூடாது.

புது வீடு கட்டுகிறவர், காற்று வரும் திசையில் ஜன்னல் வைக்கலாம். வெயில் படும் சுவருக்கு நிழல் கொடுக்கலாம். பழைய கதவையும் தூணையும் விற்காமல், புது வீட்டில் பொருத்தலாம். இடிக்கும் முன்பு வீட்டை நாலு பக்கமும் படம் எடுத்து வைக்கலாம். எந்த அறை எதற்கு இருந்தது என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்கலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

முட்டுக்காட்டுக்குப் பெயர்ந்து வந்த ஒவ்வொரு வீடும், ஏதோ ஓர் ஊர் இழந்த வீடு. எல்லா வீட்டையும் பெயர்த்துக்கொண்டு வர எந்த அருங்காட்சியகத்தாலும் முடியாது. மீதி வீடுகள் ஊரில்தான் இருக்கின்றன.

பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும், தாத்தா வீட்டுக்கும் அழைத்துப் போங்கள். அங்கே இன்னும் திண்ணை இருந்தால், அதில் உட்கார வையுங்கள்!